இரண்டரை மணி நேரமும் ஒன்பது யூரோவும்: மாட்ரிட்–பார்சிலோனா தடத்தில் ரயில் விமானத்தை முந்திய விதம்

ஸ்பெயினில் பஸ் ஏறுவது போல விமானம் ஏறிய காலம் ஒன்று உண்டு. 1974 நவம்பரில் ஐபீரியா நிறுவனம் மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் நடுவே ஒரு சேவையைத் தொடங்கியது. பெயர் 'புவென்தே ஆயேரியோ'. தமிழில் சொன்னால் வான் பாலம். முன்பதிவு தேவையில்லை. நேராக விமான நிலையத்துக்குப் போனோமா, டிக்கெட் வாங்கினோமா, அடுத்து எது கிளம்புகிறதோ அதில் உட்கார்ந்தோமா, அவ்வளவுதான். பார்சிலோனாவின் வக்கீலும் வங்கி அதிகாரியும் ஆலை முதலாளியும் காலையில் தலைநகரம் போய், வேலையை முடித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினார்கள். 2007-இல் இந்தத் தடத்தில் வாரத்துக்கு 970-ஐ ஒட்டிய விமானங்கள் பறந்தன. உலகில் வேறு எந்த இரு நகரங்களுக்கு நடுவிலும் அத்தனை விமானம் அப்போது பறக்கவில்லை. அந்த ஆண்டு பறந்தவர்கள் ஏறத்தாழ 48 லட்சம் பேர்.

2024 வாக்கில் நிலைமை தலைகீழ். இந்த இரு ஊர்களுக்கு இடையே ரயிலிலோ விமானத்திலோ போகிற நூறு பேரில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் ரயிலில் போனார்கள்.

இதை 'வேகம் வென்றது' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது அரைக் கதையாகத்தான் படுகிறது. வேகம் 2008-லேயே வந்துவிட்டது. விமானத்தின் இடுப்பு ஒடிந்தது அதற்குப் பதின்மூன்று ஆண்டு கழித்துத்தான். நடுவில் தண்டவாளம் மாறவில்லை, ஸ்டேஷன் மாறவில்லை, பயண நேரமும் சில நிமிடங்களுக்கு மேல் குறையவில்லை. அப்படியானால் மாறியது எது?

621 கிலோமீட்டர்

அதிவேகப் பாதையில் இரு ஊர்களுக்கும் உள்ள தூரம் 621 கி.மீ. சென்னையிலிருந்து திருநெல்வேலி போகிற தூரம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். ரயிலுக்கும் விமானத்துக்கும் சண்டை மூட்டிவிட இதைவிடத் தோதான தூரம் கிடைக்காது. இருநூறு கி.மீ. என்றால் கார் போதும். ஆயிரத்தைத் தாண்டினால் பெரும்பாலானோர் யோசிக்காமல் விமானத்துக்குப் போய்விடுவார்கள்.

பழைய ரயில் பாதை ஆறரை, ஏழு மணி நேரம் வாங்கிக்கொண்டிருந்தது. வளைவுகள் அதிகம். அதோடு ஸ்பெயினின் தண்டவாளம் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளைவிட அகலம்: 1668 மில்லிமீட்டர். பிரான்ஸ் எல்லையில் ரயில் மாற வேண்டியிருந்ததற்கு இதுதான் காரணம். அதிவேகப் பாதை போட முடிவெடுத்தபோது பழைய அகலத்தை விட்டுவிட்டு, ஐரோப்பிய அகலமான 1435 மில்லிமீட்டரிலேயே புதிதாகத் தொடங்கினார்கள். முதல் பாதை மாட்ரிட்டிலிருந்து செவில் நகருக்கு. 1992 ஏப்ரலில், செவில் உலகக் கண்காட்சிக்குச் சரியாக வந்து சேர்ந்தது. 'ஆவே' என்று பெயர் வைத்தார்கள். 'ஸ்பானிய அதிவேகம்' என்ற தொடரின் முதலெழுத்துகள்; ஸ்பானிய மொழியில் 'ஆவே' என்றால் பறவை என்றும் பொருள். விமானத்தோடு மோதப் போகிற ரயிலுக்குப் பறவைப் பெயர் வைத்த குறும்பை ரசிக்கத்தான் வேண்டும்.

செவில் தடத்தில் ரென்ஃபே, அதாவது அரசு ரயில் நிறுவனம், ஒரு வாக்குறுதி கொடுத்தது. ரயில் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் முழுக் கட்டணமும் திருப்பித் தரப்படும். ஐந்து நிமிடம்! ரயில் என்றாலே தாமதம் என்று பழகிப் போயிருந்த நாட்டில் இது கிட்டத்தட்ட சவால் விட்ட மாதிரி. செவிலில் ரயில் விமானத்தைச் சுலபமாக மடக்கியது. ஆனால் உண்மையான களம் பார்சிலோனா என்பது எல்லோருக்கும் தெரியும். பணமும் கூட்டமும் அங்கேதான்.

அந்தப் பாதை வந்து சேர்ந்த கதை ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. 2003 அக்டோபரில் சாரகோசா வழியாக யெய்தா நகர் வரை திறந்தார்கள். 350 கி.மீ. வேகத்துக்கு என்று வடிவமைத்த பாதையில் ரயில் 200-இல் ஓடியது. காரணம், ஐரோப்பா முழுக்கப் பொதுவாக இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்த புதிய சிக்னல் முறை இன்னும் வேலைக்கு ஆகவில்லை. ஓட்டுநரின் கண்ணுக்கு எதிரே, கம்பத்தில் இருக்கிற விளக்கை நம்பி 300-இல் ஓட்ட முடியாது. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 83 மீட்டர் போய்விடும். வேக வரம்பு ரயிலுக்கு உள்ளேயே, ஓட்டுநர் முன்னால் உள்ள திரையில் வர வேண்டும். அது ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கிய பிறகு 2006-இல் 250, பிறகு 280, 2007-இல் 300 என்று படிப்படியாக ஏற்றினார்கள். 2006 டிசம்பரில் பாதை தாரகோனா பக்கம் வந்தது. கடைசிக் கட்டம் பார்சிலோனாவுக்குள் நுழைவது. 2007 இலையுதிர் காலத்தில் அங்கே வேலை நடந்த இடத்தில் மண் உள்வாங்கி, நகரின் புறநகர் ரயில்கள் வாரக்கணக்கில் நின்றன. தினமும் வேலைக்குப் போகிற ஜனங்கள் பஸ்ஸுக்கு வரிசையில் நின்று சபித்தார்கள். டிசம்பர் 21 என்று அறிவித்த தேதி தவறியது. கடைசியில் 2008 பிப்ரவரி 20 அன்று முதல் ரயில் ஓடியது. வேகமான ரயிலுக்கு 2 மணி 38 நிமிடம்.

2003-க்கும் 2008-க்கும் நடுவே உள்ள அந்த ஐந்தாண்டை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நான் பேசுவேன். புதிய பாதையில் பாதித் தூரத்துக்கு மேல் ஓடி, மீதியைப் பழைய பாதையில் கடந்த ரயில்களுக்கு அப்போதும் பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தும் வான் பாலம் அசையவில்லை. ரயிலின் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து என்ற அளவிலேயே கிடந்தது. ஏழு மணி நேரம் நாலரை ஆனதால் ஒரு வக்கீலும் விமானத்தை விடவில்லை. காலையில் போய் மாலையில் திரும்ப அது போதாது.

கடிகாரத்தை எடுத்துக் கணக்குப் போட்டால்

வானில் இருக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. டைம்டேபிளில் கதவு மூடுவதிலிருந்து கதவு திறப்பது வரை ஒன்றே கால் மணி நேரம் போட்டிருப்பார்கள். ரயிலுக்கு இரண்டரை. இப்படிப் பார்த்தால் விமானத்துக்கு நேரம் பாதி. ஆனால் யாரும் ஓடுபாதையில் குடியிருப்பதில்லையே.

பார்சிலோனாவின் நடுவே கத்தலோனியா சதுக்கத்தில் ஒருவர் நிற்கிறார், மாட்ரிட்டின் நடுவே ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எல் ப்ராட் விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் 35 நிமிடம். பாதுகாப்புச் சோதனை, வாசல் தேடி நடை, ஏறும் வரிசை எல்லாம் சேர்ந்து, நிதானமான ஆள் என்றால் ஒரு மணி நேரம். விமானத்துக்கு 75–80 நிமிடம். மாட்ரிட்டின் பராஹாஸ் விமான நிலையத்தில், நான்காம் முனையத்தில் இறங்கி வெளியே வர ஒரு பதினைந்து. அந்தக் கட்டடத்தின் நீளத்தைப் பார்த்தவர்களுக்கு இது தாராளக் கணக்கு இல்லை என்று தெரியும். அங்கிருந்து மெட்ரோவிலோ புறநகர் ரயிலிலோ ஊருக்குள் வர இன்னும் 40. ஆகமொத்தம் நாலு மணிக்குக் கொஞ்சம் குறைவு.

ரயிலில் போகிறவருக்கு சான்ட்ஸ் ஸ்டேஷன் டாக்ஸியில் கால் மணி நேரம். பெட்டியை எக்ஸ்-ரே பெல்ட்டில் வைத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை. பெல்ட்டையும் ஷூவையும் கழற்றச் சொல்வதில்லை, தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குவதில்லை. ரயில் கிளம்ப இரண்டு நிமிடம் இருக்கும்போது கேட்டை மூடுவார்கள். இருபது நிமிடம் முன்னால் போனால் காபிக்கும் நேரம் இருக்கும். இரண்டரை மணி நேர ஓட்டம். மாட்ரிட்டின் அடோச்சா ஸ்டேஷனில் இறங்கினால் நகரத்தின் உள்ளேயே இருக்கிறோம். பழைய ரயில் கூடத்துக்குள் பனை மரங்களை வளர்த்துத் தோட்டம் போட்டிருப்பார்கள், அதைக் கடந்தால் மெட்ரோ. எல்லாம் சேர்ந்து மூன்று மணி இருபது நிமிடம்.

அரை மணி நேர வித்தியாசம். ஆனால் இந்தக் கணக்கில் நான் விமானத்துக்குக் கொஞ்சம் அநியாயம் செய்திருக்கிறேன். வான் பாலத்தில் வாரம் இருமுறை போய்ப் பழகியவர் ஒரு மணி நேரம் முன்னால் போகமாட்டார். அரை மணிக்கு முன் வந்து, கைப்பெட்டியோடு, தனி வாசலில் ஏறிவிடுவார். அவருக்கு விமானமும் மூன்றே கால் மணி நேரம்தான். விமான நிலையத்தின் பக்கம் வீடு என்றால் இன்னும் குறைவு. ஆக, நேரத்தில் இரண்டும் சரிசமம் என்று சொல்வதே நேர்மை. 300 கி.மீ. வேகம் ரயிலைக் களத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. ஆட்டத்தை முடிக்கவில்லை.

நேரம் சமமானால் நேரத்தின் தரம் பேசும். ரயிலில் அந்த இரண்டரை மணி நேரமும் ஒரே துண்டு. மடிக்கணினியைத் திறந்தால் திறந்ததுதான். விமானப் பயணியின் மூன்றே கால் மணி நேரம் பத்துத் துண்டுகளாக நறுக்கப்பட்டது. எந்தத் துண்டிலும் உருப்படியாக ஒரு வேலை ஓடாது. மூடுபனி, கண்காணிப்புக் கோபுரத் தகராறு, முந்தைய விமானம் வராதது என்று விமானத்துக்கு வருகிற சின்னச் சின்ன நோய்களும் ரயிலுக்குக் குறைவு. பார்சிலோனா தடத்திலும் காசு திருப்பும் வாக்குறுதி இருந்தது. செவில் அளவுக்குக் கறார் கிடையாது: கால் மணி தாமதமானால் பாதிக் கட்டணம், அரை மணி என்றால் முழுவதும். அலுவலகச் செலவில் போகிறவருக்குக் காசு முக்கியமில்லை, பத்து மணிக் கூட்டத்துக்குப் பத்து மணிக்கு இருப்போம் என்ற தைரியம்தான் முக்கியம். முதலில் இடம் பெயர்ந்தவர்களும் அவர்கள்தான்.

பாதியில் நின்ற வெற்றி

ஓராண்டுக்குள் ரயில் கிட்டத்தட்டப் பாதிச் சந்தையைப் பிடித்தது. அதே ஆண்டுகளில் ஸ்பெயின் பெரும் பொருளாதார நெருக்கடியில் விழுந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பறக்கிற கூட்டமே சுருங்கியது. ஸ்பான்ஏர் என்ற விமான நிறுவனம் 2012 ஜனவரியில் ஒரே நாளில் கடையை மூடியது. 2013 பிப்ரவரியில் ரென்ஃபே கட்டணத்தைச் சராசரியாக 11 சதவீதம் குறைத்து, முன்கூட்டி வாங்குகிறவர்களுக்குப் பெரிய தள்ளுபடியும் கொடுத்தது. கூட்டம் உடனே ஏறியது. அந்த ஆண்டு ஒரு கி.மீ. வேகம்கூடக் கூடவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

ஆனால் அதற்குப் பிறகு வண்டி மேட்டில் நின்றது. 2019-இல் ரயிலில் சுமார் 44 லட்சம் பேர், விமானத்தில் 25 லட்சத்துக்கு மேல். நூற்றுக்கு அறுபத்துச் சொச்சம் ரயிலுக்கு. பதினோரு ஆண்டு ஓடி, உலகத்தின் மிகச் சிறந்த அதிவேகத் தடங்களில் ஒன்று என்று பெயர் வாங்கி, மூன்றில் ஒருவர் இன்னும் வானத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். ஏன்?

டிக்கெட் விலையைப் பார்த்தால் தெரியும். கடைசி நேரத்தில் வாங்கினால் ஒரு பக்கத்துக்கு நூறு யூரோவைத் தாண்டும். இன்னொரு பக்கம், 2004-இல் பார்சிலோனாவில் தொடங்கிய வூயெலிங் போன்ற மலிவு விமானங்கள் சில நாட்களில் அதில் பாதிக்கும் குறைவாக விற்றன. அரசு ரயில் நிறுவனத்துக்கு எதிரில் வேறு ரயில் இல்லை. வேலை நிமித்தம் போகிறவர்கள் எப்படியும் வருவார்கள் என்று தெரிந்தால் எந்த வியாபாரியும் விலையை இறக்கமாட்டான். மாணவர்கள், பாட்டியைப் பார்க்கப் போகிற குடும்பம், வார இறுதியில் ஊர் சுற்றுகிற ஜோடி, இவர்களெல்லாம் பஸ்ஸிலோ காரிலோ மலிவு விமானத்திலோ போனார்கள். இல்லையென்றால் போகவே இல்லை.

ஒரே தண்டவாளத்தில் மூன்று கடைகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய ரயில் சட்டத்தொகுப்பின்படி 2020 டிசம்பர் முதல் உள்நாட்டுப் பயணிகள் ரயில் சந்தை எல்லோருக்கும் திறந்தது. பல நாடுகள் ஒப்புக்குத் திறந்தன. ஸ்பெயின் மட்டும் யோசித்துச் செய்தது. தண்டவாளத்தின் சொந்தக்காரரான அடிஃப் என்ற அரசு அமைப்பு, பாதையில் எத்தனை ரயில் ஓட இடம் இருக்கிறது என்று கணக்கெடுத்து, அதைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று மூட்டையாகக் கட்டி ஏலம் விடுவது போல விட்டது. பெரியது ரென்ஃபேக்கு. சிறியது பிரெஞ்சு அரசு ரயில்வேக்கு. நடுத்தரம் போனது இத்தாலிய அரசு ரயில்வேயும் ஒரு ஸ்பானிய விமான நிறுவனத்தின் உரிமையாளர்களும் சேர்ந்து உருவாக்கிய கூட்டணிக்கு. ஆமாம், விமான நிறுவனத்தின் ஆட்கள். ஏர் நோஸ்ட்ரம் என்ற பிராந்திய விமான நிறுவனத்தை நடத்துகிறவர்களே ரயிலில் பணம் போட்டார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட என்ன வேண்டும்?

பிரெஞ்சுக்காரர்கள் முதலில் வந்தார்கள். 2021 மே 10, 'வீகோ' என்ற பெயரில். மாடி ரயில், 509 இருக்கை. டிக்கெட் 9 யூரோவிலிருந்து. பெரிய பெட்டிக்குத் தனிக் காசு, இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் காசு. மலிவு விமானங்களிடம் கற்ற வித்தையைத் தண்டவாளத்தில் இறக்கினார்கள். ஆறு வாரத்தில் ரென்ஃபே தன் சொந்த மலிவு ரயிலான 'ஆவ்லோ'வை இறக்கியது. 2022 நவம்பர் 25 அன்று இத்தாலியக் கூட்டணியின் 'ஈரியோ' சிவப்பு நிறத்தில் வந்தது. இது மலிவோடு கொஞ்சம் சொகுசும் சேர்த்து விற்கிற கடை.

அடுத்து நடந்தது கடைத்தெருக் கதை. எதிரெதிரே மூன்று பூக்கடை வந்தால் என்ன ஆகுமோ அதுவே ஆனது. சராசரிக் கட்டணம் பழைய நிலையிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. ரென்ஃபேயும் தன் சொகுசு ரயில்களின் விலையை இறக்க வேண்டி வந்தது. ரயிலின் பங்கு அறுபதுகளிலிருந்து எண்பதைத் தாண்டியது. அதைவிட முக்கியம், கூட்டமே பெருகியது. ரயிலில் கூடிய தலைகள் விமானம் இழந்த தலைகளைவிடப் பல மடங்கு. மிச்சப் பேர் எங்கிருந்து வந்தார்கள்? பஸ்ஸிலிருந்து, காரிலிருந்து, அப்புறம் வீட்டிலிருந்து. முன்பு போகாமலே இருந்தவர்கள் போகத் தொடங்கினார்கள்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூன்று நிறுவனம் சேர்ந்து ரயில்களைக் கூட்டியதால், டைம்டேபிளைப் பார்க்காமலே ஸ்டேஷனுக்குப் போகலாம் என்ற நிலை வந்தது. வான் பாலத்தின் ரகசியமே அதுதானே? 1974-இல் ஐபீரியா கண்டுபிடித்த அந்தச் சுதந்திரத்தை ரயில் நாற்பத்தேழு ஆண்டு கழித்து அதனிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. ஒரே குறை: ஒரு நிறுவனத்தின் டிக்கெட்டோடு இன்னொரு நிறுவனத்தின் ரயிலில் ஏற முடியாது. சிவப்பைத் தவறவிட்டவர் பிளாட்பாரத்தில் நிற்கும் நீலத்தைப் பார்த்துப் பெருமூச்சுதான் விட வேண்டும்.

இந்தக் கணக்கு எங்கெல்லாம் செல்லாது

இதே சான்ட்ஸ் ஸ்டேஷனிலிருந்து 2013 டிசம்பரில் பாரிஸுக்கும் நேரடி அதிவேக ரயில் வந்தது. ஆறரை மணி நேரத்தை ஒட்டிய பயணம். ரயில் நல்ல ரயில்தான், காட்சிகள் அருமை, ஆனாலும் பார்சிலோனா–பாரிஸ் தடத்தில் விமானம்தான் ராஜா. அங்கே டிக்கெட்டை ஒன்பது யூரோவுக்கு விற்றாலும் வேலைக்குப் போகிறவர் ஒரு முழு நாளைக் கொடுக்கமாட்டார்.

பயணம் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் ஆட்கள் விமானத்துக்குப் போய்விடுவார்கள்; ஜப்பானில் இதற்கு 'நான்கு மணி நேரச் சுவர்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். டோக்கியோ–ஒசாகா 515 கி.மீ., ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் இரண்டரை மணிக்குள். ரயிலுக்கு எண்பது சதவீதத்துக்கு மேல். அதே ரயிலில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து ஃபுகுவோகா போகிறவர்கள் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். தைவானில் தைப்பே–காவ்சியுங் தடம் இதற்கு மறுகோடி: 2007 ஜனவரியில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்த ரயில் வந்தது, 2012-க்குள் அந்தத் தடத்தில் விமானமே இல்லாமல் போனது. பெய்ஜிங்–ஷாங்காய் 1318 கி.மீ.; மிக வேகமான ரயிலுக்கு 4 மணி 18 நிமிடம். சுவரின் மேலேயே உட்கார்ந்திருக்கிற தடம். ரயிலும் நிரம்பி ஓடுகிறது, விமானமும் நிரம்பிப் பறக்கிறது.

ஆக, இரண்டு மணிக்குள் என்றால் விலை எதுவானாலும் ரயில். ஐந்துக்கு மேல் என்றால் விலை எதுவானாலும் விமானம். நடுவில் உள்ள இரண்டரை, மூன்று, மூன்றரை மணி நேரத் தடங்களில்தான் விலையும் ரயில்களின் எண்ணிக்கையும் தீர்ப்பு எழுதுகின்றன. மாட்ரிட்–பார்சிலோனா அந்த நடு இடத்தில் இருப்பதால்தான் அதை எடுத்துப் பார்க்கிறேன்.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. இரண்டரை மணிக்குள் ரயில் இருக்கிற இடங்களுக்கு உள்நாட்டு விமானமே வேண்டாம் என்று 2021-இல் சட்டம் போட்டு, 2023 மே மாதம் ஆணை பிறப்பித்தது. கடைசியில் அதில் மாட்டியது பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து நான்ட், லியோன், போர்டோ என்ற மூன்று தடங்கள் மட்டும். ஸ்பெயினில் 9 யூரோ டிக்கெட் செய்த வேலையில் ஒரு துளியைக்கூட அந்தத் தடை செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

யார் காசு?

மாட்ரிட்–பார்சிலோனா பாதைக்கு ஆன செலவு 900 கோடி யூரோவை ஒட்டியது. டிக்கெட் விற்கிற நிறுவனங்கள் அடிஃப்புக்குத் தண்டவாள வாடகை கட்டுகின்றன. பராமரிப்புக்கு அது உதவும், போட்ட முதலை அது மீட்காது. ஒன்பது யூரோ டிக்கெட்டில் பயணம் செய்கிறவருக்காக ஸ்பானிய, ஐரோப்பிய வரி கட்டுகிறவர்கள் ஏற்கெனவே ஒரு பெரிய தொகையைப் போட்டுவிட்டார்கள். விமானத்துக்கும் சலுகை இல்லாமல் இல்லை. ஐரோப்பாவில் விமான எரிபொருளுக்கு வரி விலக்கு 2003-இன் எரிசக்தி வரி விதியிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பேரும் ஏதோ ஒரு வகையில் அரசு மடியில் உட்கார்ந்துதான் சண்டை போடுகிறார்கள்.

இந்தத் தடம் வென்றது என்பதால் மற்றவையும் வெல்லும் என்று நினைத்து ஸ்பெயின் சுமார் 4,000 கி.மீ. அதிவேகப் பாதை போட்டுவிட்டது. சீனாவுக்கு அடுத்த இடம். ஐரோப்பிய தணிக்கை மன்றம் 2018-இல் பல நாட்டுத் தடங்களை ஆராய்ந்தபோது, ரயில்கள் சராசரியாக வடிவமைப்பு வேகத்தில் 45 சதவீதத்தில்தான் ஓடுகின்றன என்று கண்டது. அத்தனை வேகத்துக்குப் போடாமலே இருந்திருந்தால் செலவு எவ்வளவோ குறைந்திருக்கும். பார்சிலோனா தடம் இதற்கு விலக்கு. 621-ஐ இரண்டரையால் வகுத்தால் மணிக்கு 248 கி.மீ. சராசரி வருகிறது.

அதே பாதையில் ஒரு தோல்வியும் உட்கார்ந்திருக்கிறது. குவாதலஹாரா–யெபெஸ். மாட்ரிட்டிலிருந்து முதல் ஸ்டேஷன். குவாதலஹாரா ஊருக்குள் கட்டாமல், வெளியே வயல்வெளியில் கட்டினார்கள். ஸ்டேஷனைச் சுற்றி வால்தெலூஸ் என்ற புது நகரம் 30,000 பேருக்கு எழும்பும் என்று திட்டம். வீட்டு மனைச் சந்தை 2008-இல் வெடித்தது. சில ஆயிரம் பேரோடு நகரம் நின்றுபோனது. ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்குள்ளேயே நிற்கிற சாதாரணப் புறநகர் ரயிலில் ஏறி மாட்ரிட் போகிறார்கள். அதிவேக ரயில் பிடிக்க முதலில் கார் எடுக்க வேண்டுமென்றால் எதற்கு? தாரகோனாவின் அதிவேக ஸ்டேஷனுக்கும் இதே வியாதி, ஊரைவிட்டுத் தள்ளி நிற்கிறது. சான்ட்ஸும் அடோச்சாவும் ஊர் நடுவில் இல்லாமல் இப்படி வெளியே இருந்திருந்தால், மேலே போட்ட மூன்று மணி இருபது நிமிடக் கணக்கு அப்போதே கவிழ்ந்திருக்கும். ரயில் விமான நிலையம் போல நடந்துகொண்டால் விமானத்திடம் தோற்கும்.

மலிவு விலைக்கும் ஒரு விலை இருந்தது. புதிதாக வந்த நிறுவனங்கள் தொடக்க ஆண்டுகளில் நட்டத்தில் ஓடின. ஸ்பெயினின் போக்குவரத்து அமைச்சர் ஒஸ்கார் புவென்தே, பிரெஞ்சு நிறுவனம் அடக்க விலைக்கும் கீழே விற்றுச் சந்தையைக் கெடுப்பதாக வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். ரயில்கள் கூடக்கூட ஸ்டேஷன்கள் திணறின. செவில் தடத்தில் ஐந்து நிமிடத்துக்குக் காசு திருப்பிக் கொடுத்த ரென்ஃபே, 2024 ஜூலையிலிருந்து ஒரு மணி நேரம் தாமதமானால் பாதி, ஒன்றரை மணி நேரம் என்றால் முழுவதும் என்று விதியைத் தளர்த்தியது. விலையில் போட்டி போடுகிற நிறுவனத்தால் நேரத்தில் அத்தனை கறாராக இருக்க முடியவில்லை. பத்து மணிக் கூட்டத்துக்காக ரயிலுக்கு மாறிய அந்த வக்கீல் இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரியும்.

இன்னும் பறக்கிறவர்கள்

நூற்றுக்கு இருபதுக்கும் குறைந்த அந்த மிச்சப் பேர் யார்? கொஞ்சம் பேர் விமான நிலையத்தின் பக்கத்தில் வீடோ அலுவலகமோ உள்ளவர்கள். பெரும்பகுதி மாட்ரிட்டுக்கு வருகிறவர்களே இல்லை. மாட்ரிட் வழியாகப் போகிறவர்கள். புவெனோஸ் ஐரஸிலிருந்தோ பொகொட்டாவிலிருந்தோ பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து விடிகாலையில் பராஹாஸில் இறங்கும் பயணியை நினைத்துப் பாருங்கள். அவர் போக வேண்டியது பார்சிலோனா. கையில் இரண்டு பெரிய பெட்டி. அதிவேக ரயில் பிடிக்க வேண்டுமென்றால் பெட்டிகளை எடுத்து, புறநகர் ரயிலில் ஊருக்குள் போய், அடோச்சாவில் மறுபடி எக்ஸ்-ரேயில் வைத்து ஏற வேண்டும். விமானம் தாமதமானால் ரயில் காத்திருக்காது. பக்கத்து வாசலில் பார்சிலோனா விமானம் நிற்கிறது. பெட்டி தானாகவே அதற்கு மாறிவிடும்.

பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்துக்குள் 1994 முதல் அதிவேக ரயில் ஸ்டேஷன் இருக்கிறது. பிராங்பர்ட் விமான நிலையத்தில் 1999 முதல். பராஹாஸுக்கும் அதிவேகப் பாதையைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறவர்களில் முன்வரிசையில் நிற்பது யார் தெரியுமா? வான் பாலத்தைத் தொடங்கிய அதே ஐபீரியாதான். உள்நாட்டுக் குட்டி விமானங்களை ரயிலிடம் விட்டுவிட்டு, கடல் கடந்து போகும் பெரிய விமானங்களை நிரப்ப ரயிலே பயணிகளைக் கொண்டுவரட்டும் என்பது அதன் கணக்கு. அரசும் செய்வோம் என்று அறிவித்திருக்கிறது. அந்த ரயில் வரும்வரை, நான்காம் முனையத்தில் விடிகாலை இறங்குகிறவரின் இரண்டு பெட்டிகளும் பார்சிலோனாவுக்கு வானத்தில்தான் போகும்.